ஆயர்பாடிப் பிள்ளைகளும் அல் கோபார் பிள்ளைகளும்



அல் கோபாரில் வசிக்கும் நாங்கள் சில குடும்பத்தார், வெள்ளிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாராயணம் செய்வது வழக்கம். இங்கே நமக்குக் கோயில் இல்லை. வீட்டுப் பூசையறைதான் சந்நிதி. இந்நாட்டின் முறையை மதித்து, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் படிக்கிறோம். சந்நிதியில் நின்று கும்பிட வேண்டும் என்ற ஏக்கம் மிகும்போது, 1986-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிங் ஃபகத் பாலத்தின் வழியாகக் கடலைக் கடந்து, பஹ்ரைனில் மனாமா கடைவீதியை ஒட்டியுள்ள பழமையான ஸ்ரீநாத்ஜி கோயிலுக்குப் போய் வருவோம்.

சென்ற ஆண்டு மார்கழியில் ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம் படித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது அத்தியாயம். கண்ணன் தோழர்களோடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகும் கட்டம். அன்று ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி, நடுவிலே மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இத்தனை பேர் வந்திருக்கோம், குழந்தைங்க எங்கே? ஒரு சத்தத்தையும் காணோமே, தூங்கிட்டாங்களா?"

யாரோ எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்கள். பதினொரு பிள்ளைகள். ஒருவரும் தூங்கவில்லை. ஆளுக்கொரு கைப்பேசி. விளக்கைக் கூடப் போடாமல், அந்தத் திரை வெளிச்சம் முகத்தில் அடிக்க, வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். பாராயணத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று கைப்பேசியைக் கொடுத்துக் கதவைச் சாத்தியது வேறு யாருமல்ல, நாங்களேதான். கண்ணனின் விளையாட்டைக் கேட்பதற்காக எங்கள் குழந்தைகளின் விளையாட்டை நிறுத்தி வைத்திருந்தோம். படித்துக்கொண்டிருந்த அன்பருக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

அந்த அத்தியாயத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். பிள்ளைகள் காலையிலேயே கட்டுச்சோறும் கொம்பும் குழலும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வீட்டில் பூட்டிவிட்ட நகைகள் போதாதென்று காட்டுக் காய்களையும் தளிர்களையும் மயிலிறகையும் செம்மண்ணையும் எடுத்து அணிந்துகொள்கிறார்கள். ஒருவன் சோற்று மூட்டையை மற்றவன் ஒளிக்கிறான். கண்டுபிடித்தால் இன்னும் தூரத்தில் இருப்பவனிடம் வீசுகிறான். கடைசியில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறான். கண்ணன் காட்டின் அழகைப் பார்க்கச் சற்று விலகிப் போனால், அவனைத் தொடுவதில் நான்தான் முதல், நான்தான் முதல் என்று ஓடுகிறார்கள். பறக்கும் பறவையின் நிழலை மிதிக்கத் துரத்துகிறார்கள். தவளையோடு தாவுகிறார்கள். குரங்கோடு மரம் ஏறி, அதைப் போலவே முகத்தைக் கோணுகிறார்கள். தங்கள் எதிரொலியையே திட்டுகிறார்கள்!

இதைச் சொல்பவர் யார்? சுகப் பிரம்மம். கேட்பவர் யார்? ஏழு நாளில் உயிர் போகப் போகிறது என்று அறிந்த பரீட்சித்து மன்னன். நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவனுக்குச் சொல்வதற்கு வேதாந்தம் எவ்வளவோ இருக்க, சுகர் நின்று நிதானித்துத் தவளைத் தாவலைச் சொல்கிறார். யோகிகள் பல பிறவி தவம் செய்தும் எவனுடைய திருவடித் தூளியைப் பெற முடியவில்லையோ, அவனோடு இந்தப் பிள்ளைகள் விளையாடினார்கள் என்று வியக்கிறார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் அவனைப் பூசிக்கவில்லை, அவனோடு ஓடினார்கள்.

நம் தமிழிலும் இதே நெறிதான். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கியத்தில் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். மணல்வீடு, பறை, தேர், காய் பிடிப்பது, ஆற்றில் குளிப்பது, ஊஞ்சல். முருகனும் மீனாட்சியுமே ஆனாலும் இவற்றைக் கடந்துதான் வளர வேண்டும் என்று வைத்த புலவர்களை என்னவென்று சொல்வது! மதுரைச் சொக்கநாதர் செய்த அறுபத்து நான்கு அற்புதங்களுக்குப் பரஞ்சோதி முனிவர் வைத்த பெயரும் திருவிளையாடல்தான்.

இனி, இது வெறும் பக்திப் பேச்சு என்று நினைக்கும் இளைய அன்பர்களுக்காக இரண்டொரு செய்தி. 1984-ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஒப்பிட்டு 'சயன்ஸ்' இதழில் எழுதினார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களை விடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். இதைப் படித்த அன்று எங்களில் பலர் சொந்த வீட்டுச் சன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்தோம். எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரிந்தன.

பிள்ளைகளின் கண்ணாடி விஷயம் இன்னும் முக்கியம். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். வேறு மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை, வெளிச்சம்தான். 2019-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையிலோ கடற்கரையிலோ கழித்தவர்கள், அப்படிப் போகாதவர்களை விட உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் உண்டு. இருந்தாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்பது நமக்குக் கட்டாத கணக்கா? வெயில் கொட்டும் இந்தச் சவூதியிலேயே உடலில் வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. சூரியன் நமஸ்காரத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

"பாலைவனத்தில் எங்கே ஐயா போவது?" என்பீர்கள். நியாயம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 45 டிகிரியைத் தொடும். வளைகுடாவின் புழுக்கம் வேறு. வெளிவேலை செய்யும் தொழிலாளருக்கே பகல் 12 முதல் 3 வரை வேலை கூடாது என்று அரசு தடை வைத்திருக்கிறது. ஆனால் அதே ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடுகிறது. பிரம்ம முகூர்த்தத்தில் எழு என்று சொன்ன பெரியோர் கோபாரைத்தான் நினைத்துச் சொன்னார்களோ என்னவோ! நவம்பர் முதல் மார்ச் வரையோ ஊட்டிக்குப் போக வேண்டிய அவசியமில்லை. இதையெல்லாம் நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் கேம்ப்பில் தங்கியிருக்கும் நம் தொழிலாளச் சகோதரர்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் எந்தக் காலிமனையைப் பார்த்தாலும் கிரிக்கெட் நடக்கிறது. வாரம் ஆறு நாள் உடம்பு முறிய உழைத்தவர்கள் ஏழாம் நாள் ஓடுகிறார்கள். குளிரறையில் உட்கார்ந்து வேலை செய்யும் நாமோ ஏழாம் நாளும் உட்கார்ந்தே ஓய்வெடுக்கிறோம்.

அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை எல்லோரும் ஹாஃப் மூன் பே கடற்கரைக்குப் போனோம். காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரை போவதாக நினைத்துக்கொண்டோம். அங்கே பூசை இல்லை, பாட்டும் இல்லை; அதெல்லாம் வீட்டுக்குள்தான். எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், பிள்ளைகள், மணல், அவ்வளவே. எங்களில் ஒருவருடைய ஏழு வயது மகன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அழுதான். மணல் காலில் ஒட்டுகிறதாம். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் சிறு சப்பரம் இழுத்து வளர்ந்தவர் அவன் தகப்பனார். அவர் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றதை நாங்கள் மறக்கவில்லை. பாட்டிதான் ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து ஈரமணலைக் குவித்து, அதில் கை விட்டுக் குடைய ஆரம்பித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குழந்தை குடைந்தது. உள்ளே இரண்டு கையும் தொட்டுக்கொண்டபோது கிளம்பிய கூச்சலைக் கேட்டு அவன் வந்தான். செருப்போடுதான் வந்தான். எப்போது கழற்றினான் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பும்போது ஒரு செருப்பைத் தேட வேண்டியதாயிற்று.

பிள்ளைகளை வெளியே விடப் பயமாக இருக்கிறது என்று தாய்மார்கள் சொல்வதையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயத்திலேயே அகாசுரன் மலைப்பாம்பாக வாய் பிளந்து கிடக்கிறான். விளையாடக் குகை கிடைத்தது என்று பிள்ளைகள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். கண்ணன் காப்பாற்றுகிறான். காப்பாற்றிய பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்பினானா? இல்லை. யமுனை மணலில் வட்டமாக உட்கார வைத்துச் சோறு சாப்பிட வைத்தான். பாம்பு விஷயம் ஆயர்பாடிக்குத் தெரிந்ததே ஓராண்டு கழித்துத்தான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரியவர் இருவர் கரையில் நின்றால் போதும்.

மாசியில் வடக்கே தாரூத் குடாவின் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போனோம். உப்புத் தண்ணீரில் வேரூன்றி, சேற்றிலிருந்து மூச்சு வேர்களைக் குச்சி குச்சியாக நீட்டி நிற்கும் வெண்கண்டல் மரங்கள். சிதம்பரத்துக்குத் தலமரம் தில்லை என்பது அன்பர்கள் அறிந்ததே. அதுவும் இப்படி உப்பங்கழி ஓரம் வளரும் மரம். கூத்தன் ஆடிய இடத்துக்குத் தில்லைவனம் என்றே பெயர். இன்று அந்த மரத்தைப் பார்க்கப் பக்கத்துப் பிச்சாவரம் போக வேண்டும். அங்கே தில்லையும் வெண்கண்டலும் சேர்ந்தே இருக்கின்றன. மதுரைக்குக் கடம்பவனம், நெல்லைக்கு வேணுவனம், தட்சிணாமூர்த்திக்கு ஆலமரம். நம் சாமிகள் எல்லோரும் மரத்தடியில் இருந்தவர்கள் என்று சொன்னபோது, பத்து வயதுப் பெண்ணொருத்தி, "அப்போ கோயிலுக்குள்ளே எப்போ வந்தாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

பாராயணம் நிற்கவில்லை. இரண்டு வாரம் வீட்டில், மூன்றாம் வாரம் வெளியே என்று வைத்திருக்கிறோம். வீட்டில் நடக்கும் நாளிலும் பக்கத்து அறைக் கதவு திறந்தே இருக்கிறது. சத்தம் வரத்தான் செய்கிறது. வரும் கார்த்திகையில் அல் அஹ்ஸா பேரீச்சந்தோப்புக்குப் போக எண்ணம். 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பெருஞ்சோலை அது. 25 லட்சம் பேரீச்சை மரங்கள் இருக்கின்றன. வர விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே சொன்னால் கார் ஏற்பாடு செய்ய உதவியாக இருக்கும். கட்டுச்சோறு அவரவர் கொண்டு வரவும். ஊஞ்சல் கட்டக் கயிறு இருப்பவர்கள் தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு கட்டலாம். கைப்பேசி பெரியவர்களிடம் ஒன்றிரண்டு இருந்தால் போதும்.