‘வய்ய’ என்றால் நம்ப வேண்டும்

மலையாளிகள் நாள்தோறும் பேசும் சொற்களில் ‘வய்ய’ மிகச் சிறியது. வீடு, பேருந்து நிலையம், மருத்துவமனை வரிசை என்று கேரளத்தில் எங்கே நின்றாலும் அது காதில் விழும். அதன் பொருளை ஒரே தமிழ்ச் சொல்லில் சொல்லிவிடலாம் என்று முதலில் தோன்றும். பக்கத்தில் இருந்து கேட்கக் கேட்கத்தான் எத்தனை விதமான இயலாமைகள் அதற்குள் குடியிருக்கின்றன என்று தெரியும்.

‘எனிக்கு வய்ய’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உடம்பு சரியில்லை. ‘தீரெ வய்ய’ என்றால் நிலைமை மோசம். ‘எனிக்கு வரான் வய்ய’ என்றால் என்னால் வர இயலாது. கொஞ்சம் குரல் மாற்றிச் சொன்னால் எனக்கு வர மனமில்லை. ‘இனி வய்ய’ என்பது இதற்குமேல் தாங்காது என்று கையை விரிப்பது. ‘பறயான் வய்ய’ என்றால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. நோயாளியையும் ஊனமுற்றவரையும் ‘வய்யாத்த ஆள்’ என்பார்கள். நோவுக்கு ‘வய்யாய்க’. தலையில் வந்து விழுந்த வீண் தொல்லைக்கு ‘வய்யாவேலி’. யாராவது எதிர்பாராத சாதனை செய்துவிட்டால், வியப்பில் வாய்விட்டுச் சொல்வதும் ‘எனிக்கு வய்ய!’தான்.

இந்தச் சொல்லில் இரண்டு விஷயங்கள் என்னை ஈர்த்தன. இன்றைய பேச்சில் இதற்கு உடன்பாட்டு வடிவம் இல்லை. முடியும் என்று சொல்ல மலையாளிக்குப் ‘பற்றும்’, ‘கழியும்’ என்று வேறு சொற்கள் வேண்டும். ‘வய்ய’ இன்மையைச் சொல்வதற்கென்றே பிறந்ததுபோல நிற்கிறது. இன்னொன்று, அது ‘ஞான்’ என்று தொடங்குவதில்லை, ‘எனிக்கு’ என்று தொடங்குகிறது. பசியும் தாகமும் எனக்கு வருவதுபோல வய்யாய்கயும் எனக்கு வருகிறது. நான் மறுக்கவில்லை, எனக்கு இயலாமை நேர்ந்திருக்கிறது. சொல்பவர்மேல் குற்றம் ஏறாதபடி இலக்கணமே பார்த்துக்கொள்கிறது.

தமிழர்களுக்கு இது அந்நியமானதல்ல. ‘அம்மாவுக்கு ரெண்டு நாளா முடியல’ என்றால் நமக்கும் அது நோய்தான். ‘என்னால முடியல’ என்றால் இயலாமை. வெறுப்பின் உச்சியிலும் நாம் ‘முடியல’ என்றுதான் சொல்கிறோம். மலையைத் தாண்டியும் தாண்டாமலும் இரண்டு மொழிகளும் ஒரே உண்மையைக் கண்டுவைத்திருக்கின்றன. உடல் தளர்வதும் மனம் மறுப்பதும் வாழ்வில் தனித்தனியாக வருவதில்லை என்பதே அந்த உண்மை.

திருச்சூரில் வேலை பார்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மூம்ம (பாட்டி) இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். காலையில் வாசலில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் எதிர்வீட்டுச் சேச்சி (அக்கா) போய் எட்டிப் பார்ப்பார். ‘இன்னு தீரெ வய்ய மோளே’ என்று உள்ளிருந்து குரல் வரும். சேச்சி எதுவும் விசாரிக்காமல் திரும்பி வந்து, கஞ்ஞியும் பயறும் எடுத்துக்கொண்டு போவார். மூட்டுவலியா, காய்ச்சலா, முந்தின நாள் மகன் கூப்பிடவில்லை என்ற வருத்தமா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மூம்மவாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். முட்டி வலிக்கும்போது மகனின் நினைவு கூடுகிறது. மகனை நினைத்தால் சாப்பிடத் தோன்றுவதில்லை. சாப்பிடாத உடம்பில் வலி இன்னும் ஏறுகிறது. இதில் எது காரணம், எது விளைவு?

மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாவை நெருங்கும் நோயாளிகளோடு பழகி, ‘முழுமையான வலி’ என்ற கருத்தை உருவாக்கினார். உடலின் வலியோடு மனத்தின் கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்ந்த வாழ்வுக்கு என்ன பொருள் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததே ஒரு மனிதரின் வலி என்றார். ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவை அதை மறுபடி எழுப்பிவிடும். அம்மூம்மவின் ‘வய்ய’வும் இப்படிப்பட்ட முழுமையான வலிதான்.

அந்தக் கருத்து இந்தியாவில் ஆழமாக வேர்பிடித்த இடங்களில் ஒன்று கேரளம் என்பதில் எனக்கு வியப்பில்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் வலி தணிப்புக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் மலிவான, நல்ல மருந்து. ஆனால் 1985-இன் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடிகளுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே தயங்கின. வலியில் துடிக்கும் ஒருவரைவிட, மருந்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடிய யாரோ ஒருவர் சட்டத்தின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தார். அச்சட்டத்தைத் தளர்த்தும் திருத்தம் 2014-இல்தான் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களில் ராஜகோபால் முன்னணியில் நின்றவர்.

கோழிக்கோட்டில் தொடங்கியது மருத்துவமனைச் சுவருக்குள் நிற்கவில்லை. மலப்புரத்திலும் சுற்று வட்டாரங்களிலும் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று ஊர்மக்களே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 2008-இல் வலி தணிப்புப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமானது கேரளம். இன்று பஞ்சாயத்துகளே செவிலியரை அமர்த்தி வீடு வீடாக அனுப்புகின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 15-ஐப் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நாளாகக் கொண்டாடுகிறார்கள். கிராமத்துப் பாட்டிகளின் வாயில்கூட ‘பாலியேட்டிவ்’ மலையாளச் சொல்லாகிவிட்டது.

இந்தப் பராமரிப்பின் அடித்தளம் நம்பிக்கை. சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு, இரத்த அழுத்தத்துக்கு உண்டு. வலியை அளக்க நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை. ‘பத்துக்கு எவ்வளவு வலி?’ என்று கேட்கிறார்கள். எட்டு என்றால் எட்டு. ‘உங்களைப் பார்த்தால் நாலு போலத்தான் இருக்கிறது’ என்று செவிலியர் திருத்த மாட்டார். ஒருவர் தன் வேதனையைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்பதுதான் அங்கே சிகிச்சையின் முதல் படி.

மரணப் படுக்கையில் ஏற்கும் இந்த நெறியை அன்றாட வாழ்வில் நாம் ஏன் ஏற்பதில்லை? இது என்னைப் பல காலமாகத் துளைக்கும் கேள்வி.

‘முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னதும் நமக்குள் ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். உண்மையிலேயே முடியவில்லையா, இல்லை செய்ய மனமில்லையா? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கிறோம். விடுப்புக் கடிதத்தோடு சான்றிதழ் கேட்கிறோம். வெறுமனே ‘முடியவில்லை’ என்பது போதாது. அதற்குமேல் ஒரு நோயின் பெயர் வேண்டும். அந்தப் பெயர் இல்லாதவர்கள் முடிந்தவர்களின் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள்.

இந்தச் சொல் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதுமில்லை. வீட்டில் ஆண் ‘வய்ய’ என்று படுத்தால் சுக்குக் காப்பி வருகிறது. அம்மா படுத்தால் ‘அப்போ சாப்பாடு?’ என்ற கேள்வி வருகிறது. ஜியோ பேபி இயக்கி 2021-இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தில், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நாயகி கணவனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஆள் கூப்பிட அவனுக்கு நேரம் வாய்ப்பதே இல்லை. அழுக்குத் தண்ணீரைத் தினமும் அள்ளிக் கொட்டுவது அவள். குழாயைப் பற்றிய புகாரையே கேட்க ஆளில்லாத வீட்டில், தன்னால் முடியவில்லை என்பதை அவள் யாரிடம் சொல்வாள்? கேட்கும் காது இல்லாத இடத்தில் ஒரு பெண் கடைசியாகச் செய்யக்கூடியது வெளியேறுவதுதான். படத்தில் அவள் வெளியேறுகிறாள்.

கடைகளிலும் இதே கதை. ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. கழிப்பறை இல்லாத கடைகளில் வேலை செய்த பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாக இந்தப் பெண்களைத் திரட்டினார். 2015-இல் திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள். ‘இரிக்கல் சமரம்’ (உட்காரும் போராட்டம்) என்று அதற்குப் பெயர். ‘நில்க்கான் வய்ய’ (நிற்க முடியாது) என்ற இரண்டு சொற்கள்தான் அந்தப் போராட்டத்தின் மையம். 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்றாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் தன் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிடாயை முன்னிட்டு மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 விழுக்காடு சலுகை அளித்தது. விரைவிலேயே மாநில அரசு தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கியது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நிறுவனம் நம்பத் தொடங்குகிறது என்பதற்கு அது அடையாளம்.

நம்பினால் ஏமாற்றுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சோம்பலுக்கு ‘வய்ய’ என்று பெயர் சூட்டுபவர்கள் கேரளத்திலும் இருக்கிறார்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு தவறுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பொய் சொன்னவரை நம்பினால் ஒரு நாள் வேலை போகும். மெய் சொன்னவரை நம்பாவிட்டால் அவர் அதன்பின் சொல்வதையே நிறுத்திவிடுவார். நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி வேலையைத் தொடர்பவர்கள், மனச்சோர்வைத் தலைவலி என்று மறைப்பவர்கள், ‘ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்று எப்போதும் சிரிப்பவர்கள் எல்லாரும் அப்படி நிறுத்தியவர்கள்தான். பல வீடுகளில் தாய்மார்களின் நோய் முற்றிய பிறகே தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘மனமில்லை’ என்பதை மட்டும் நாம் ஏன் இவ்வளவு இழிவாக நினைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஓயாமல் உழைத்த மனம் ஒரு நாள் அசைய மறுக்கிறது என்றால் அதுவும் உடம்பின் செய்திதான். மலையாளம் இயலாமையையும் விருப்பமின்மையையும் ஒரே சொல்லில் வைத்ததால், சொல்பவர் எதையும் நிரூபிக்காமல் தப்பித்துக்கொள்கிறார். சுமை கேட்பவரிடம் வந்துவிடுகிறது. நல்ல செவி உள்ளவருக்குக் குரலே போதும்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. ‘போகாதெ வய்ய’ என்பார்கள். போகாமல் இருக்க முடியாது, போயே தீர வேண்டும் என்று பொருள். எதிர்மறைக்குள் இன்னோர் எதிர்மறை சேர்ந்ததும் இயலாமை கடமையாக மாறிவிடுகிறது. எதிர்வீட்டுச் சேச்சியை அன்று கஞ்ஞியோடு நடக்க வைத்தது இதுதான். வேலை முடிந்த களைப்போடு பிறர் வீட்டுப் புண்ணைக் கழுவப் போகும் மலப்புரத்துத் தன்னார்வலரைக் கேட்டாலும் இதையே சொல்வார். ஒருவர் தன்னால் முடியவில்லை என்கிறார். அதைக் கேட்ட இன்னொருவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ‘வய்ய’வுக்கு இன்னொரு ‘வய்ய’ பதிலாகிறது. ஒரு சமூகம் நல்ல சமூகமா என்பதை இந்த இரண்டாவது ‘வய்ய’ எத்தனை பேரிடம் எழுகிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுவேன்.

உங்கள் வீட்டில், அலுவலகத்தில், கடையில் யாராவது ‘முடியல’ என்று சொன்னால், அடுத்த முறை ‘ஏன்?’ என்று கேட்பதற்கு முன் ‘சரி, உட்காருங்கள்’ என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைச் சொல்லவே வாய்ப்பில்லாதவர் உங்கள் வீட்டில் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் அடுப்படியில்தான் இருப்பார். அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.