யானைக் காசும் அபூர்வ நூலும்



வத்தலக்குண்டுக்கு அருகே, தை மாதத்தில் சோலைமலை அழகர் பெருமாளுக்கு வாழைப்பழங்களைச் சூறைவிட்டு வழிபடும் திருவிழாவினால் பெயர் பெற்ற சேவுகம்பட்டியில், பழைய மண்சுவர் ஒன்றை இடித்தபோது அகப்பட்டதென்று நண்பர் ஒருவர் செப்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ஒரு புறத்தில் யானை. மறுபுறத்தில் பாரசீக எழுத்து. யானையைக் கண்டவுடன் பாண்டியன் காசு என்று முடிவு கட்டியிருந்த நண்பர், பளபளவென்று இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தால் புளி போட்டு விளக்கிவிட்டார். அந்த உபசாரத்தில் யானையின் முதுகுக்கு மேலே இருந்திருக்க வேண்டிய ஆண்டு இலக்கம் மங்கிப் போயிற்று. பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் காட்டியபோது, அவர் காசை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, ‘அச்சிடப்பட்டது’ என்ற பொருள் தரும் ‘ஜர்ப்’ என்ற சொல்லையும், அதற்குக் கீழே ‘காலிகாபாத்’ என்ற ஊர்ப் பெயரையும் நிதானமாக வாசித்துச் சொன்னார்.

காலிகாபாத் என்பது திப்பு சுல்தான் காசு அடித்த அக்கசாலைகளுள் ஒன்று. ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டுவதில் திப்புவுக்கு இருந்த விருப்பம் பிரசித்தமானது. சத்தியமங்கலத்தைச் சலாமாபாத் ஆக்கியவன் அவனே. காலிகாபாத் நம்முடைய திண்டுக்கல்லே என்று நாணய ஆராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். சீரங்கப்பட்டணத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஊர் என்று கொள்வாரும் உண்டு. 1755-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக வந்து, இங்கிருந்தே தன் பலத்தைப் பெருக்கிக்கொண்ட ஹைதர் அலியின் மகன், 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிக்கும் வரையில் இந்தச் சீமையை ஆண்டிருக்க, மலைக்கோட்டையின் நிழலில் சம்மட்டியால் காசு அடித்த ஓசை கேட்டிருக்கும் என்று நினைப்பதற்கு எனக்கு ஆசைதான். ஆனால் ஆசை சரித்திரம் ஆகாது. அதற்கு நூல் வேண்டும்.

அந்த நூல் இருக்கிறது. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் எழுதி, 1921-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்ட, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகிய இருவருடைய நாணயங்களைப் பற்றிய ஆங்கில நூலே அது. இந்த ஹெண்டர்சன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் போதித்தவர். நண்டு வகைகளைப் பாகுபடுத்தி உலகப் புகழ் பெற்றவர். நண்டின் கால்களையும் கொடுக்குகளையும் எண்ணிப் பழகிய கண்ணே யானைக் காசின் நுட்ப பேதங்களையும் எண்ணுவதற்கு ஏற்ற கண்ணாக அமைந்தது போலும். அவருக்கு முன் அதே பதவியில் இருந்த எட்கர் தர்ஸ்டன், கிழக்கிந்தியக் கம்பெனியார் தென்னாட்டில் நாணயம் அச்சிட்ட வரலாற்றை 1890-ல் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். இந்நூல்களை அச்சிட்ட அரசாங்க அச்சகமோ, சென்னையில் பழைய நாணயசாலை மூடப்பட்ட பிறகு அந்தத் தங்கசாலைக் கட்டடங்களிலேயே குடியேறிய ஸ்தாபனம்!

அரசாங்கப் பிரசுரங்களுக்கென்று ஒரு தலைவிதி உண்டு. புதிதாக இருக்கும் காலத்தில் அவற்றை வாங்குவாரில்லை. பழையதாகிவிட்டாலோ கண்ணில் காண்பாரில்லை. பிற்காலத்தில் டில்லியில் ஹெண்டர்சன் நூலுக்கு ஒரு மறுபதிப்பு வந்ததாயினும், மூலப் பிரதியைத் தேடி மதுரையின் பழைய புத்தகக் கடைகளிலே புழுதியைச் சுவாசித்துக்கொண்டு திரிந்தபோது, திப்பு என்று தொடங்கியதுமே நாடக வசனப் புத்தகத்தை எடுத்து நீட்டிய கடைக்காரர்களைத்தான் நான் சந்தித்தேன். கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய அலமாரியில் அது கிடைத்தது. படப்பக்கங்களுள் ஒன்றை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். மற்றபடி நூல் முழுமையாக இருந்தது. படத்தைத் தனியே விற்றால் நாலு காசு வரும் என்று அபூர்வமான நூலைக் கூறு போடுகிறவர்களைக் காட்டிலும், கறையான் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. கறையானுக்குப் படிக்கத் தெரியாது.

நூல் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். திப்புவின் காசு ஒன்றில் 1217 என்ற ஆண்டைக் காண்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டு கணக்கிட்டால் கிறிஸ்து ஆண்டு 1802 வரும். திப்புவோ 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் போரிட்டு மாண்டவன். மாண்டவன் மூன்றாண்டு கழித்துக் காசு அடிப்பானா? விஷயம் என்னவென்றால், 1787-ஆம் ஆண்டு முதல் அவன் ஹிஜ்ரிக் கணக்கை விட்டு, நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி என்ற கணக்கைக் கைக்கொண்டான். நம்முடைய பிரபவ, விபவ போன்ற அறுபதாண்டுச் சுழற்சியையும் தழுவி, ஆண்டுகளுக்குப் புதுப்பெயர்களும் இட்டான். இவ்வளவும் போதாதென்று, இலக்கங்களை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் பொறிக்கச் சொன்னான். ஆகவே பழக்கம்போல இடமிருந்து வாசிப்பவன் 7121 என்று படித்துவிட்டுத் திகைக்க வேண்டியதுதான். இந்தப் பூட்டுக்கெல்லாம் திறவுகோல் ஹெண்டர்சன் போன்றோர் எழுதி வைத்த ஏடுகளில் இருக்கிறது.

காசுகளுக்கு அவன் இட்ட பெயர்களோ தனியொரு இன்பம். வெள்ளி ரூபாய்க்கு இமாமி. இரட்டை ரூபாய்க்கு ஹைதரி. செப்புக் காசுகளுக்கு வானத்திலிருந்தே பெயர் எடுத்தான்: பைசாவுக்குச் சுக்கிரனாகிய ஜொஹ்ரா, அரைப் பைசாவுக்குச் செவ்வாயாகிய பஹ்ராம், கால் பைசாவுக்கு விண்மீன் என்ற பொருளில் அக்தர், அதனினும் சிறிய காசுக்குத் துருவ நட்சத்திரமாகிய குத்பு. சந்தையில் கீரைக்கட்டு வாங்கிய கிழவி, தான் கொடுத்தது துருவ நட்சத்திரம் என்று அறிந்திருப்பாளா என்பது சந்தேகமே!

நண்பரின் காசில் ஆண்டு அழிந்துவிட்டதால், அது இன்ன வருஷத்தது என்று நூலைக் கொண்டும் நிர்ணயிக்க முடியவில்லை. ஆதலின் நேயர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். மண்ணில் பழங்காசு அகப்பட்டால் புளியும் சாம்பலும் இடாதீர்கள்; பாத்திரக்காரனிடம் எடைக்கும் போடாதீர்கள். புதைபொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இரண்டாவது, வீட்டுப் பரணில் தாத்தா வைத்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் தள்ளுவதற்கு முன், முதல் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் சென்னை அரசாங்க அச்சகத்தின் பெயரும், நாணயம், கல்வெட்டு, அருங்காட்சியகம் என்ற சொற்களுள் ஏதேனும் ஒன்றும் காணப்பட்டால், திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.