தட்டிக் கதவின் முன்

புனே நகருக்கு அருகில், இந்திராயணி நதிக்கரையில் அமைந்துள்ளது ஆளந்தி என்னும் திருத்தலம். ஞானேசுவரர் 1296-ஆம் ஆண்டில் சமாதி கொண்ட இடம் அது. ஆண்டுதோறும் அவருடைய பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு இங்கிருந்து புறப்பட்டு, புனேவில் தங்கி, பின்னர் பண்டரிபுரம் சென்றடைகிறது. வழியெங்கும் லட்சக்கணக்கான வார்கரி அடியார்கள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். அவர்கள் போற்றும் பாடல்களில் ஒரு தொகுதி, ஒரு சிறுமி தன் அண்ணனின் மூடிய கதவுக்கு வெளியே நின்று பாடியது.

சந்நியாசத்திலிருந்து இல்லறத்துக்குத் திரும்பியவரின் பிள்ளைகள் என்று நிவிருத்தி, ஞானதேவர், சோபான், முக்தாபாய் ஆகிய நால்வரையும் ஊரார் ஒதுக்கி வைத்திருந்தனர். இளம் வயதிலேயே அவர்கள் பெற்றோரையும் இழந்தனர். ஒருநாள் வெளியே சென்ற ஞானதேவர் அவமதிக்கப்பட்டார். மனம் நொந்து திரும்பியவர் குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார் என்பது மரபு வழங்கும் செய்தி. மராட்டியில் அக்கதவை ‘தாடீ’ என்பர். நம் சிற்றூர்களில் ஓலையாலும் மூங்கிலாலும் கட்டப்படும் ‘தட்டி’தான் அது. ‘தாடீச்சே அபங்க்’ என்றே இப்பாடல்களுக்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது.

ஞானேசுவரர் 1275-இலும் முக்தாபாய் 1279-இலும் பிறந்ததாக மரபு கூறுகிறது. 1290-இல் கீதைக்கு ஒப்பற்ற மராட்டி விளக்கமான ஞானேசுவரி நிறைவுற்றபோது அவருக்கு வயது பதினைந்தே! இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு மாணவன். கதவுக்கு வெளியே நின்றவள் அவனைவிட நான்கு வயது இளையவள். மகான்களின் சரிதத்தைப் படிக்கும்போது அவர்களின் வயதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

முக்தாபாய் கதவை இடித்துத் திறக்கவில்லை. ‘இதற்கெல்லாமா வருந்துவது?’ என்று இகழவுமில்லை. அண்ணனின் உண்மை இயல்பு எது என்பதை அவனுக்கு நினைவூட்டி, தட்டியைத் திறக்குமாறு மீண்டும் மீண்டும் வேண்டுகிறாள். ஓர் அபங்கத்தில் கதவு திறந்துவிடவில்லை. பல அபங்கங்கள் பாட வேண்டியிருந்தது. அதுவரை அவள் அங்கேயே நின்றாள்.

இன்று புனே கல்விக்குப் புகழ்பெற்ற நகரம். பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிகின்றனர். பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சிகள் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை. ஒவ்வோர் அறைக்கும் தாழ்ப்பாளுடன் கூடிய கதவு. அதற்குள் பிள்ளை படித்துக்கொண்டிருப்பதாகப் பெற்றோர் நம்புகின்றனர். பல வீடுகளில் அது உண்மையே. சில வீடுகளில் உண்மையன்று.

2022-ஆம் ஆண்டில் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அந்தப் பட்டியலில் முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு, இரண்டாமிடம் தமிழ்நாட்டுக்கு. புனேவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மாநிலங்களுக்கும் உரியவை என்பதால் இச்செய்தி அவர்களுக்கு இருமுறை வலிக்க வேண்டும். தேர்வுத் தோல்வி ஒன்றே காரணம் என்று எண்ணுவதும் தவறு. வீட்டுப் பூசல், அவமானம், கேலி, நட்பிலும் காதலிலும் ஏமாற்றம், எவரும் அறியாத மனநோய் எனப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பின்னரே பெரும்பாலும் அந்த முடிவு வருகிறது. மனநோய்களில் ஏறத்தாழ பாதி பதினான்கு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இவ்விடத்தில் பக்தர்களின் இல்லங்களில் ஒரு தடுமாற்றம் ஏற்படுவதுண்டு. ‘பகவானிடம் நம்பிக்கை இருந்தால் மனச்சோர்வு வருமா? கீதையைப் படி, தைரியமாக இரு’ என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். கீதை அப்படித்தான் சொல்கிறதா என்று பார்ப்போம்.

முதல் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணர் பேசுவது மிகச் சில சொற்களே. எதிரே திரண்டிருப்பவர்களைப் பார்க்கும்படி அர்ஜுனனிடம் கூறுகிறார், அவ்வளவுதான். அதன்பின் அர்ஜுனன் பேசுகிறான். உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, வில் நழுவுகிறது, மனம் சுழல்கிறது என்று வரிசையாகத் தன் நிலையைச் சொல்கிறான். தேர்வு நாளன்று நடுங்கும் ஒரு மாணவனின் நிலையை மருத்துவர் குறித்துக்கொண்டால் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும். பகவான் குறுக்கிடவில்லை. அந்தப் புலம்பலுக்கு ‘விஷாத யோகம்’ என்று பெயரிட்டு, அதையும் ஒரு யோகமாகவே மரபு வைத்திருக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில்தான் ஸ்ரீகிருஷ்ணர் கடிந்து பேசுகிறார். பேடித்தனத்தை விட்டு எழுந்து நிற்கச் சொல்கிறார். வீரமூட்டும் சொற்கள் அவை. நாம் மேடைகளில் விரும்பி எடுத்துக்காட்டுவதும் அவற்றையே. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். அச்சொற்களைக் கேட்டு அர்ஜுனன் எழுந்துவிடவில்லை. மீண்டும் தன் துயரைச் சொல்கிறான், தனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு சீடனாகச் சரணடைகிறான், பிறகு மௌனமாகிவிடுகிறான். அதன் பின்னரே, புன்முறுவல் பூப்பவர் போல, பகவான் உபதேசத்தைத் தொடங்குகிறார். பகவானே சொன்ன ஊக்கமொழியும் ஒரே மூச்சில் வேலை செய்யவில்லை என்றால், நம் வீட்டுக் கூடத்தில் நாம் சொல்லும் ‘தைரியமாக இரு’ எம்மாத்திரம்? பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலும் அவர் கட்டளையிடவில்லை. சொன்னதை முழுமையாக ஆராய்ந்து, விரும்பியபடி செய் என்று அவனிடமே விடுகிறார்.

முதலில் கேட்டல், பிறகே சொல்லுதல். இந்த முறையை லண்டனில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தம் அனுபவத்தில் கண்டறிந்தார். அவர் பெயர் சாட் வாரா. 1935-இல் இளம் மதகுருவாக அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு, தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமிக்கானது. முதல் மாதவிடாயைக் கொடிய நோய் என்று அவள் அஞ்சிவிட்டாள். கேட்டுத் தெளிய அவளுக்கு ஒருவரும் இல்லை. அந்த நினைவு அவரை விடவில்லை. 1953-இல், உயிர்விடத் துணிந்தோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தனர். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். அந்தத் தொண்டர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலருக்குப் பாதிரியாரைச் சந்திக்கும் தேவையே ஏற்படவில்லை! ‘சமாரிட்டன்ஸ்’ என்னும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட ‘சிநேகா’வும் கேட்டலையே தன் தொண்டாகக் கொண்டது.

புனேவில் 2005-ஆம் ஆண்டு முதல் ‘கனெக்டிங்’ என்னும் தொண்டு நிறுவனம் இப்பணியைச் செய்து வருகிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொலைபேசியில் துயரைக் கேட்கின்றனர். தீர்ப்புச் சொல்வதில்லை, அறிவுரையைத் திணிப்பதில்லை. பள்ளிகளில் மாணவர்களுக்கே பயிற்சியளிக்கும் திட்டத்தையும் அது நடத்துகிறது. வகுப்புத் தோழனின் முகம் வாடியிருப்பதை ஆசிரியருக்கு முன்பே அடுத்த இருக்கையில் இருப்பவன் கண்டுகொள்வான். அவன் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தன்னால் தாங்க இயலாததை நம்பகமான பெரியவரிடம் கொண்டுசெல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும். முக்தாபாய் குருவல்லள், ஞானதேவருக்குக் குரு மூத்தவரான நிவிருத்திநாதரே. எனினும் கதவின் முன் நின்று பாடியவள் தங்கைதான்.

கேட்டல் மட்டுமே போதுமா என்றால், எப்போதும் போதாது. ஜுரம் கண்ட பிள்ளையிடம் கீதை சொல்லி மாத்திரையை மறுக்கும் பக்தர் எவருமில்லை. ஆனால் வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குறைந்து, நண்பர்களை விலக்கி, விரும்பிய விளையாட்டையும் விட்டு, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று சொல்லத் தொடங்கிய பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்குகிறோம். பெயருக்கே அஞ்சுகிறோம். சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று கேலி செய்வதுபோல், மனநல மருத்துவமனை உள்ள ‘எரவாடா’வின் பெயர் புனேவில் கேலிச் சொல்லாகிவிட்டது. அந்தக் கேலி ஒரு பிள்ளையின் சிகிச்சையைத் தடுக்குமானால் அது பாவம் என்பதில் ஐயமில்லை. மனநோய் பக்திக் குறைவன்று. மருந்து உண்பவரும் ஜபம் செய்யலாம். மருந்தால் மனம் சற்றுத் தெளிந்த பிறகே ஜபம் செய்ய இயன்றவர்களும் உண்டு.

‘சாகும் எண்ணம் வருகிறதா?’ என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ எனப் பெற்றோர் அஞ்சுவர். ஆய்வுகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அப்புறப்படுத்த வேண்டும். அன்றே மருத்துவரை நாட வேண்டும். ரகசியமாகச் சொன்னது என்பதற்காக அதை மூடிவைப்பது இங்கே தர்மமாகாது. காவல்துறை வழக்கு வருமோ என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருந்த காலமும் உண்டு. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் பொறுப்பு என்றும் கூறுகிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. பெற்றோர் பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணைக் கேட்பதோடு, அந்த ஆலோசகர் யார், எந்த நாளில் இருப்பார் என்பதையும் கேட்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. மராட்டியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அழைப்பவர் துயருறும் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூடிய கதவுக்கு வெளியே என்ன சொல்வது என்று அறியாமல் நிற்கும் தாயும் தந்தையும் அழைக்கலாம்.