எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய காடி ஒன்றை வாங்கி அதைப் பழையபடி ஆக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், நாம் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். எத்தனை வெள்ளி ஆகும், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா, எத்தனை மாதம் இழுக்கும். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ‘பழையபடி’ என்ற சொல்லை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. எந்தப் பழையபடி? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளா, முதல் உரிமையாளர் ஓட்டிய காலமா, கடைசியாக ஓடி நின்ற நாளா? மூன்றும் மூன்று வெவ்வேறு காடிகள். ஒன்றை மீட்க வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் சுரண்டி எறிய வேண்டியிருக்கும்.

பத்து பெரண்டாமில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக ஒரு மொரிஸ் மைனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். மைனர் 1000. முன்கண்ணாடி நடுவில் பிளவுபடாமல் ஒரே துண்டாக இருக்கிறது. இன்ஜின் 948 சிசி. எனவே 1956க்கு முன்னால் வந்திருக்க முடியாது. எம் என்று தொடங்கும் மலாக்கா எண். யாரோ ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கிடந்ததை, பழைய இரும்புக்காரர் தூக்கிப்போவதற்குள் இவர் வாங்கிவிட்டார். அவருடைய தாத்தா தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் காடியைக் கழுவித் துடைத்தவர். துடைத்தது இதே காடிதான் என்று அண்ணன் சொல்லவில்லை. இதே மாதிரி. அது அவருக்குப் போதும்.

அந்தக் காடியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் யாரோ ஒரு பிஸ்கட் தகரத்தை வெட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். கார்பெட்டைத் தூக்கினால் பாதி எழுத்துகள் இன்னும் தெரியும். கதவை ஒட்டிய தூணில், திரும்பும்போது குட்டிக் கை போல வெளியே நீளும் பழைய சிக்னல் இருந்த இடம் மூடப்பட்டு, பிற்காலத்து மஞ்சள் விளக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. டேஷ்போர்டில் சாமி படம் ஒட்டிய பசைத் தடம். பின் இருக்கை இல்லை. பலகை போட்டுக் காய்கறியோ மீனோ ஏற்றியிருக்கிறார்கள். கதவின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தபோது நான்கு நிறங்கள் வட்டம் வட்டமாக வந்தன, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாம்பல் பச்சை. “அதான் ஒரிஜினல்,” என்றார் அண்ணன்.

ஒரிஜினல் என்ற சொல்லுக்கு இந்த உலகத்தில் இருக்கும் மரியாதை எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தையே தரும். மொரிஸ் மைனரின் கதையையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த காடி இது. உற்பத்திக்கு எல்லாம் தயாரான கடைசி நேரத்தில், காடி ஒல்லியாகத் தெரிகிறது என்று இசிகோனிஸுக்குத் தோன்றிவிட்டது. மாதிரிக் காடியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். ஆனால் பம்பர்கள் முன்பே பழைய அளவில் செய்யப்பட்டுக் குவிந்திருந்தன. என்ன செய்தார்கள்? அவற்றை நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டை வைத்து இணைத்தார்கள். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான். ஆக, முதன்முதலில் கடைக்கு வந்த ஒரிஜினலே ஒட்டுப்போட்டது. பர்மிங்ஹாமில் வாங்கப்பட்டு அங்கேயே கராஜில் நின்ற காடியில் அந்த ஒட்டைப் பார்த்தால் வரலாறு என்கிறோம். தோட்டத்தில் பிஸ்கட் தகரத்தில் போட்ட ஒட்டைப் பார்த்தால் அசிங்கம் என்கிறோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் என்று இரண்டு பேர். ஒருவர் கவிஞர், வடிவமைப்பாளர், சோசலிசவாதி. பழைய தேவாலயங்களை ‘மீட்கிறேன்’ என்று சுரண்டிப் புதிதாக்கியவர்கள்மேல் கோபம் கொண்டு, 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். ஒரு கட்டடத்தை ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டுக்குத் திருப்புவதாகச் சொல்லி இடைப்பட்ட நூற்றாண்டுகளை அழிக்காதே. அன்றாடம் பராமரித்தாலே போதும், கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள் என்பது அவர் கட்சி. அதே 1877இல் பிறந்த இன்னொரு வில்லியம் மொரிஸ்தான் மோட்டார் கம்பெனியைத் தொடங்கி, பின்னாளில் நஃபீல்டு பிரபு ஆனவர். மைனர் காடி அவர் பெயரைத் தாங்கியது. அந்தக் காடியை அவருக்கே பிடிக்கவில்லை என்பது தனிக்கதை. இன்றைக்கு மைனரைத் தொழிற்சாலை நாளுக்குத் திருப்புகிறவர்கள் இரண்டாம் மொரிஸின் காடியில் முதல் மொரிஸின் எச்சரிக்கையை மீறிக்கொண்டிருக்கிறார்கள்.

தத்துவப் பாடத்தில் இந்த இடத்தில் தீசியஸின் கப்பல் வந்து நிற்கும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பலா என்று புளூட்டார்க் காலத்திலிருந்து கேட்டுவருகிறார்கள். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் புதிரை இன்னும் முறுக்கினார். காடி உலகில் இது கற்பனைப் புதிர் இல்லை. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காடிக்கு 1988 முதல் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். நமக்கு அரசாங்கம் கொடுக்கும் விடை மிக எளிது: புஸ்பகோம் சோதனையில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டில் இருப்பதோடு பொருந்தினால் அதுதான் அந்தக் காடி. ஆனால் எனக்கு இந்தப் புதிரில் ஒரு குறை உண்டு. பலகையை மாற்றியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. கப்பலின் பெயர் தீசியஸ் உடையது. ஆணி அடித்த தச்சனுக்குப் புதிரில் இடமில்லை.

நம் கோயில்களில் இதே சிக்கலுக்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யத் திருப்பணி தொடங்குவதற்கு முன், மூலவரின் சக்தியைக் கலசத்துக்கும், அங்கிருந்து படத்துக்கோ மரத்தில் செய்த உருவுக்கோ மாற்றி, தனியே பாலாலயத்தில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உளி உள்ளே போகும். எது தொடர்கிறது, எது மாறலாம் என்பதை வேலைக்கு முன்பே பிரித்துவிடுகிறார்கள். கல்லையும் சுதையையும் தைரியமாகத் தொடலாம், ஏனென்றால் தொடரவேண்டியது வெளியே பத்திரமாக இருக்கிறது. (இந்தத் தைரியம் சில நேரம் மிஞ்சிப்போகும். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கதை நமக்குத் தெரியும். காடியின் பெயிண்டை உரிக்கவும் அதே மணல்தான்.) ஒரு மைனருக்குப் பாலாலயம் எங்கே கட்டுவது? அதில் தொடரவேண்டியது எது என்று அண்ணனிடம் கேட்டால் ஒரு பதில், என்னிடம் கேட்டால் இன்னொன்று.

என் பதில் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. இலங்கையில் அறுபது, எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் பழைய ஆஸ்டின்களும் மொரிஸ்களும் ஓய்வே இல்லாமல் ஓடின. பிறகு போர். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெட்ரோலைக் கார்ப்பரேட்டரில் விடுவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை, இருமல், நாற்றம். ஆனால் கர்ப்பிணிகளும் காயம்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் காடிகளில் ஒன்றைத் தொழிற்சாலை நாளுக்குத் திருப்பினால், பளபளவென்று நிற்கும் பொருளில் அந்த ஐந்தாறு ஆண்டுகள் இருக்காது. அதை மீட்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இதற்கு ஒரு பின்குறிப்பு: தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் கம்பெனி ஒன்று இலங்கையில் பட்டறை வைத்து, அந்தக் காடிக்கான உதிரிபாகங்களை அங்கே செய்ய வைத்தது. பழுதோடு வாழ்ந்து கைவேலை கற்ற தேசத்திலிருந்து இங்கிலாந்துக்காரன் தன் ஒரிஜினலுக்குத் தகரம் வாங்கியிருக்கிறான்.

நமக்கு நெருக்கமான கணக்கு ஒன்றும் உண்டு. மலாக்காவே மீட்பில் சம்பாதிக்கும் ஊர். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய வீட்டு முகப்புகளுக்கு மவுசு கூடிவிட்டது. ஊருக்கு வெளியே வந்தால் கதை வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பில் தோட்டம் வாங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பத்து பெரண்டாமில் எழுபதுகளில் தடையற்ற வாணிப மண்டலம் வந்தது, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறினார்கள், தோட்டங்கள் தாமான் ஆயின. துரை பங்களாவைப் பாதுகாக்க ஆள் உண்டு. துரையின் காடியைப் பாதுகாக்க ஆள் உண்டு. லயத்தை யாரும் மீட்டுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆயாக்கொட்டகையைக்கூட. எது மீட்கத் தகுதியானது என்பதை முடிவு செய்யும்போதே யார் நினைக்கப்பட வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறோம். அந்த மைனரை முதல் நாளுக்குத் திருப்பினால் திரும்பி வருவது துரை. காய்கறிக்காரரும், சாமி படம் ஒட்டியவரும், பிஸ்கட் தகரம் அடித்த பெயர் தெரியாத அந்த மனிதரும் வெளியே போகிறார்கள்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அண்ணனிடம் கொஞ்சம் ஆவேசமாகவே சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: “நீ பேசுறது சரிதான் தம்பி. ஆனா எங்க தாத்தாவுக்கு அந்தக் காடில ஒரு கீறல் விழுந்தா சோறு எறங்காதாம். காலைல நாலு மணிக்கு எந்திரிச்சி தொடப்பாராம். தொரைக்குப் பயந்து மட்டும் இல்ல, அவருக்கே அது பளபளன்னு இருக்கணும். துருவ அழகுன்னு சொல்றது துருப்புடிச்ச காடில போகத் தேவையில்லாதவன் பேசுற பேச்சு.”

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை, இன்றும் முழுப் பதில் இல்லை. தேய்மானத்தை ரசிப்பதில் ஒரு தூரம் இருக்கிறது என்பது உண்மை. படித்து, நகரத்துக்கு வந்து, திரும்பிப் பார்க்கிறவனின் தூரம். வேலை செய்த கை தன் வேலையைப் பளபளப்பில்தான் பார்த்தது. அப்படியானால் அந்தப் பளபளப்பு துரையுடையது மட்டும் என்று நான் எழுதிக்கொடுத்தது தாத்தாவுக்குச் செய்த அநியாயம் ஆகிவிடுமோ? துரையின் பெயரில் இருந்த காடியின் மினுமினுப்பு முழுக்க ஒரு தமிழன் கையால் வந்தது. அண்ணன் மீட்க நினைப்பது அதைத்தான் என்றால், அவருடைய பாலாலயத்தில் இருப்பது காடியே இல்லை, ஒரு பழக்கம்: விடியும் முன் எழுந்து ஒன்றைத் துடைப்பது.

ஆனாலும் என் தரப்பிலிருந்து நான் முழுதாக இறங்கிவரவில்லை. தாத்தாவின் பளபளப்புக்கு உரிமை உண்டென்றால் பிஸ்கட் தகரத்துக்கும் உண்டு; இரண்டும் கைவேலை. ஒன்றுக்காக இன்னொன்றைத் தூக்கிப்போட எந்த நாளும் நமக்கு அனுமதி தரவில்லை. பிரேக் குழாய், ஸ்டியரிங், தரை, இவற்றில் உணர்ச்சிக்கு இடமில்லை. மாற்றத்தான் வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. தகராறு மற்றதில்தான்.

தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தாகிவிட்டது. பிஸ்கட் தகரத்தை அண்ணன் எறியவில்லை, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். கை நீட்டும் சிக்னல் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறார். மஞ்சள் விளக்கையும் விட்டுவைத்தால் ரெண்டும் கெட்டானாக இருக்கும் என்று பொருத்தாமல் யோசிக்கிறார். வெளியே அந்தச் சாம்பல் பச்சையை அடித்துக்கொள்ளுங்கள், ஒரு கதவின் உள்விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நான்கு நிறத்தையும் சுரண்டாமல் விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். “பெயிண்ட் அடிக்கிறவன்கிட்ட கேட்டுச் சொல்றேன், அந்த எடத்துல துரு உள்ள ஏறாம இருக்கணும்ல,” என்றார். பெயிண்ட்காரர் தைப்பூசம் முடிந்துதான் வருவாராம்.