சோறும் படியும்

கொடிகாமம் சந்தையடியில் யாரோ உரப்பையில் கட்டி எறிந்துவிட்டுப் போன மூன்று பூனைக்குட்டிகளுக்கு ஒரு மாதமாகப் பால் வைத்து வருகிறேன். இப்போது வீடு தேடுகிறேன்.

கேட்டு வந்த அரிசிக் கடைக்காரர், "மாஸ்டர், எலி பிடிக்குமோ?" என்றார். மனம் கோணி மறுத்துவிட்டேன். பிறகுதான் அந்த ஹதீஸ் உறுத்தியது. பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றி புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. அவள் உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. அப்படியானால் வேட்டையும் பூனையின் உரிமை. பாலுக்குப் பழக்கிய நானும் ஒரு கயிறு கட்டித்தான் இருக்கிறேன். மறுநாள் ஒரு குட்டியை நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மற்ற இரண்டிலும் கை தயங்குகிறது. 1990 ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்து எங்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. பூனை அடுப்படியில் படுத்திருந்தது. புத்தளம் முகாமில் ஓயாமல் கேட்பேன். "பக்கத்து வீட்டு ஆக்கள் பார்ப்பினம்" என்பார் உம்மா. பார்த்துத்தான் இருக்கிறார்கள். போர் முடிந்து திரும்பியபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: "சோறு வைச்சனாங்கள் தம்பி. திண்டுட்டு உங்கட படியிலதான் போய்ப் படுக்கும்."

நல்ல இடம் என்று நாம் தேடுவது சோற்றையா, படியையா? என் படி இந்தக் குட்டிகளுக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. கொடுப்பதானால் இப்போதே கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு மாணவி தாயோடு வருகிறாள்.