காரணம் கேட்கும் உரிமை

வேண்டாதவரை வீட்டுக்குள் விடாமலிருக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாட்டுக்கும் இதே நியாயம் பொருந்துமா? அயல்நாட்டாரில் இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வரக்கூடாது என்று ஆட்சிப் பீடத்தில் இருப்பவர் காரணம் கூறாமலே கட்டளையிடலாமா? நான் கதை எழுதுகிறவன். சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் இந்தக் கேள்வி சட்டப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

எல்லன் நாஃப் ஜெர்மனியில் பிறந்த பெண்மணி. ஹிட்லர் காலத்தில் அந்நாட்டை விட்டு வெளியேறி, அகதியாக இங்கிலாந்து சேர்ந்து, யுத்தத்தின்போது அங்கே விமானப் படையில் பணி செய்தவர். பிறகு, அமெரிக்கப் படையில் இருந்து நற்பெயருடன் விலகிய ஒரு பிரஜையை மணந்துகொண்டார். 1948 ஆகஸ்டில் கணவரின் நாட்டுக்கு வந்தவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள். அவர் உள்ளே வந்தால் நாட்டுக்குத் தீங்கு என்றார் அட்டர்னி ஜெனரல். என்ன தீங்கு? அது இரகசியம். விசாரணை உண்டா? கிடையாது. 1950 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சர்க்காரின் பக்கமே தீர்ப்பளித்தது. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம்.

இக்னாட்ஸ் மெசேயின் கதை இன்னும் வேதனையானது. பஃபலோ நகரில் 25 ஆண்டுகள் குடியிருந்தவர் அவர். மரணப் படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க 1948-ல் ருமேனியாவுக்குப் புறப்பட்டார். அந்த நாடு அவரை உள்ளே விடவில்லை. திரும்பி வந்தபோது அமெரிக்காவும் கதவைச் சாத்திவிட்டது. வேறு நாடுகளும் ஏற்க மறுத்தன. எல்லிஸ் தீவே அவருக்குச் சிறையாயிற்று. அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன என்று அவருக்கே சொல்லப்படவில்லை. 1953-ல் அதே நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், இதுவும் செல்லும் என்றது.

இங்கேதான் வீட்டுக்காரர் உவமை உடைந்துவிடுகிறது. அதிகாரி வீட்டுக்காரர் அல்லர், வாயிற்காவலர். வீடு, உள்ளே வாழும் அத்தனை பேருக்கும் சொந்தம். மனைவிக்காகக் காத்திருந்த கணவரும் அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர்தானே? 'உன் மனைவியை விடமாட்டேன். காரணமும் சொல்லமாட்டேன்' என்று வீட்டுக்காரரிடமே காவலர் சொன்னால், அதற்குப் பெயர் காவல் ஆகுமா?

நம் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணகி மதுரைக்கு அயலாள். சோழ நாட்டுப் பெண். ஆயினும் பாண்டியனின் வாயிலில் நின்று காரணம் கேட்க அவளால் முடிந்தது. காவலன் உள்ளே போய்ச் சொன்னான், மன்னன் வரச்சொன்னான், கள்வனைக் கொன்றது முறையே என்று பதிலும் உரைத்தான். காரணம் வெளியே வந்ததால்தான் அது பொய்க்காரணம் என்று சிலம்பை உடைத்துக் காட்ட முடிந்தது. 'இரகசியம்' என்று பாண்டியன் வாய் மூடியிருந்தால், கோவலன் இன்றுவரை கள்வனாகவே இருந்திருப்பான்.

எல்லன் நாஃபுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. பத்திரிகைகளும் பொதுமக்களும் எழுப்பிய குரலால் 1951-ல் அவருக்கு விசாரணை கிடைத்தது. சாட்சிகள் சொன்னதெல்லாம் பெரும்பாலும் கேள்விப்பட்ட செய்தி என்று தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் விடுதலை பெற்றார். மெசேக்கு விசாரணை நடந்தபோது முடிவு சாதகமாக அமையவில்லை. எனினும் 1954 ஆகஸ்டில் அவரை வெளியே விட்டார்கள். தேசத்தின் பாதுகாப்பு அதனால் குலைந்துவிடவில்லை.

எல்லா இரகசியங்களையும் ஊரறியச் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றர்களின் பெயரைச் சந்தையில் கூற முடியாதுதான். ஆனால் ஒரு நீதிபதியிடம் தனி அறையில் கூறலாமே! ஒருவரிடமும் கூற முடியாத காரணம், காரணம்தானா என்பதே என் சந்தேகம்.

அதிகாரம் கோபமாக வரும்போது நாம் எதிர்க்கிறோம். அதுவே கருணையாக வந்தால்? 2012-ல் ஜனாதிபதி ஒபாமாவின் ஆட்சி, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு உரிய பத்திரமின்றி வளர்ந்தவர்களை நாடு கடத்துவதை ஒத்திவைத்தது. சுமார் 7 இலட்சம் பேர் பயனடைந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது சட்டசபை இயற்றிய சட்டமன்று. ஓர் இலாகாவின் உத்தரவு. ஒரு பேனா கொடுத்ததை வேறொரு பேனா எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? 2017-ல் அடுத்த ஆட்சி அதை ரத்து செய்வதாக அறிவித்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட், ரத்து செய்யும் அதிகாரம் உண்டு, ஆனால் தக்க காரணம் காட்டவில்லை என்று கூறி அந்த ரத்தைத் தள்ளியது. அதிகாரத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்தத் தீர்ப்பில் நான் காண்கிறேன்.

எல்லை எப்போதும் அங்கேயே நிற்பதில்லை என்பதும் உண்மை. 1952-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் நலனுக்குக் கேடு என்று ஜனாதிபதி கருதினால் எந்த வகை அயல்நாட்டாரையும் தடுக்கலாம் என்கிறது. அதைக் கொண்டு, பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளாக இருந்த சில நாட்டவரைத் தடுத்த உத்தரவை 2018-ல் அதே நீதிமன்றம் ஏற்றது. ஏட்டில் காட்டிய காரணமே போதும் என்றது. காரணம் கேட்பதோடு கடமை தீர்ந்துவிடாது. சொன்ன காரணத்தைச் சிலம்பைப்போல் உடைத்தும் பார்க்க வேண்டும்.

கதையில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைக் காரணமின்றித் துன்புறுத்தினால் நீங்கள் ஆசிரியரைச் சும்மா விடுவதில்லை, 'ஏன்?' என்று கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். கற்பனை மனிதருக்காகக் கேட்கும் அந்தக் கேள்வியை, வாசலில் நிற்கும் உயிருள்ள மனிதருக்காகவும் கேளுங்கள். அவர் நம் நாட்டவரா என்பது அடுத்த கேள்வி.