இளைப்பாற்றி யாருக்கு?

விடுமுறைக்கு எங்கே போவது என்பது அறம் சார்ந்த கேள்வியா? பணமும் வசதியும் விருப்பமும் சேர்ந்து முடிவுசெய்யும் ஒரு சிறு காரியத்திற்குள் அறத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால், மனிதன் எவ்வாறு உழைக்கிறான் என்பதைப் போலவே எவ்வாறு ஓய்வெடுக்கிறான் என்பதும் அவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. உழைக்கும் இடத்தில் நம்மைக் கண்காணிக்க மேலதிகாரி இருக்கிறார், கடிகாரம் இருக்கிறது, கூலிக்கணக்கு இருக்கிறது. ஓய்விலோ யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை. நம் உள்ளம் எதை நாடுகிறது, யாரை மறக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.

தென்பாண்டிச் சீமையில் வாழும் நமக்கு ஓய்வு என்றவுடன் நினைவுக்கு வருவது குற்றாலம். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் சாரல் தொடங்கிவிடுகிறது. பேரருவியும், பழைய குற்றாலமும், புலியருவியும், ஐந்து கிளைகளாய்ப் பிரிந்து விழும் ஐந்தருவியும் ஆயிரக்கணக்கான மக்களைத் தம்மிடம் ஈர்த்துக்கொள்கின்றன. பிள்ளைகளோடு இரண்டு மூன்று நாள் தங்கிவர எண்ணும் குடும்பத்தின் முன்னே பல வழிகள் திறக்கின்றன. பேரருவிக்கு அருகே கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு லாட்ஜ் எடுக்கலாம். சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்குப் பிடிக்கலாம். நீச்சல்குளமும் விளையாட்டுக் கூடமும் உள்ள ரிசார்ட்டுக்குப் போகலாம். அல்லது ஊரைவிட்டுச் சற்று விலகி, தோப்புக்குள் அமைந்த எளிய காட்டேஜ் ஒன்றில் தங்கலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்கும்போது நாம் வழக்கமாக இடத்தை அளக்கிறோம், வாடகையை அளக்கிறோம், அருவி எவ்வளவு தொலைவு என்று அளக்கிறோம். இவை தேவையான கேள்விகளே. எனினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஓய்வு யாருக்கு?

ஓய்வு சோம்பல் அன்று. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பேரேட்டில் ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் இடறல் அடைந்தனர். அவர்களுள் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பு எய்யுமாறு யோவான் அவரிடம் சொன்னார். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அந்த மனிதர். ஓயாத உழைப்பினால் மனித உள்ளமும் அவ்வாறே முறிந்துவிடும் என்பதே யோவான் புகட்டிய பாடம். விளையாட்டே அறியாத கடுகடுப்பும் ஒரு குறையே என்று துணிந்து சொன்னவர் தோமா. ஜெர்மானிய மெய்யியலாளர் யோசேப்பு பீப்பர், 1948-இல் வெளிவந்த தம் நூலில் இதை இன்னும் ஆழமாக விளக்கினார். மறுநாள் வேலைக்கு வலுவேற்றிக்கொள்ளும் இடைவேளைக்கு மட்டும் ஓய்வு என்று பெயரிட்டால், மனிதனை வேலைக்கான கருவியாகவே பார்க்கிறோம். படைப்பை நன்று எனக் கண்டு மகிழ்கின்ற மனநிலையே உண்மையான ஓய்வு என்பது அவருடைய கருத்து.

சரி, அந்த மகிழ்ச்சி யாருக்கு உரியது? விடுதலைப் பயண நூலும் இணைச் சட்ட நூலும் ஓய்வுநாள் கட்டளையைத் தரும்போது ஒரு நீண்ட பட்டியலைத் தருகின்றன. நீ, உன் மகன், உன் மகள், உன் பணியாளர், உன் கால்நடைகள், உன் வாயிலுக்குள் இருக்கும் அந்நியர் என அது விரிகிறது. இணைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்று நினைவூட்டுகிறது. ஆகவே, விவிலியம் காட்டும் ஓய்வு தனியொருவரின் சொத்து அன்று. ஒருவர் ஓய்வெடுக்க மற்றொருவர் முறிந்துபோவாரானால், அங்கே எகிப்து மீண்டும் உருவாகிவிடுகிறது.

அந்தப் பட்டியலை ஊன்றிப் படிப்போருக்கு ஒன்று உறுத்தும். அதிலே மனைவி எங்கே? ‘நீ’ என்று விளிக்கும்போதே கணவனும் மனைவியும் ஒருங்கே அடங்கிவிடுகின்றனர் என்று விளக்குவோர் உண்டு. நல்ல விளக்கமே. ஆனால், நம் இல்லங்களில் நடப்பது என்ன? குற்றாலத்திற்குப் புறப்படும் முந்திய இரவு, எல்லாரும் உறங்கிய பின்னும் விழித்திருந்து புளியோதரை கிளறுபவள் தாய். அடுப்பு, அரிசி, மிளகாய்ப்பொடி, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து என ஒவ்வொன்றாக நினைவில் வைத்து எடுத்துவைப்பவளும் அவளே. அங்கே போன பிறகோ, அருவியில் நனைந்து பசியோடு திரும்பும் பத்துப் பேருக்கு வடித்துக்கொட்டுகிறாள். ஈரத்துணிகளைப் பிழிந்து உலர்த்துகிறாள். மூன்று நாள் கழித்துக் குடும்பம் முழுவதும் “நன்றாக ஓய்வெடுத்தோம்” என்று சொல்கிறது. அவளுக்கு மாறியது அடுப்படி மட்டுமே.

‘சமைப்பது அவளுக்கு மகிழ்ச்சிதானே’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். இருக்கலாம், அவளையே கேட்டுப் பார்ப்போம். ‘ஓட்டலில் மூன்று வேளை உண்ண நடுத்தரக் குடும்பத்திற்கு வசதி ஏது’ என்பது நியாயமான மறுப்பு. அதற்கு விடை பணத்தில் இல்லை, பங்கிடுவதில் இருக்கிறது. கஞ்சியும் துவையலும் போதும் என்று குடும்பம் முடிவுசெய்யலாம். காய் நறுக்குவது கணவருடைய வேலை, பாத்திரம் கழுவுவது மகனுடைய வேலை என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். தாயும் ஒரு முழு மணி நேரம், யாரும் அழைக்காமல், ஐந்தருவியில் பெண்கள் பகுதியில் நின்று நனையட்டும். இத்தகைய ஏற்பாடு செய்யப்பட்ட எளிய குடில், அது செய்யப்படாத மாளிகையைவிட மேலான ஓய்விடம்.

பட்டியலில் பணியாளரும் அந்நியரும் இருக்கின்றனர் அல்லவா? இரவெல்லாம் கண்விழித்து வேன் ஓட்டிவரும் ஓட்டுநர் நம் வாயிலுக்குள் வந்த அந்நியர். நமக்கு அறை பதிவுசெய்யும்போதே அவருக்கும் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் கேட்டோமா? பல இடங்களில் அவர் வண்டி இருக்கையிலேயே சுருண்டு படுக்கிறார். அறத்திற்காக இல்லாவிட்டாலும், திரும்பும் வழியில் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கண்களில்தான் இருக்கிறது என்பதற்காகவாவது இதை நினைக்க வேண்டும். விடுதியின் சமையல்காரரும், துப்புரவுப் பணியாளரும், காவலாளியும் கூலிக்கு உழைப்பதில் அநீதி ஏதும் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தோசை கேட்டு அதட்டுவதில்தான் அநீதி இருக்கிறது. இன்னும் சற்று எட்டிப் பார்த்தால், அருவியின் ஓசைக்கு வெகு அருகே தென்காசி வட்டாரத்து ஊர்களில் வாசலில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அவர்களுக்கு, ஒருநாள் ஓய்வென்றால் ஒருநாள் கூலி இல்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் ஓய்வுரிமையைப் பற்றி எழுதினார். அந்த உரிமை நம் அண்டை வீட்டுக்கே இன்னும் வந்து சேரவில்லை என்பதை, மலையடிவாரத்தில் ஓய்வெடுக்கும் நாம் மறக்கலாகாது.

இனிப் பிள்ளைகளைப் பார்ப்போம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை 31-ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. ஆனால், பிள்ளைகளின் ஓய்வையும் நாம் பாடத்திட்டமாக்கிவிடுகிறோம். காலையில் பேரருவி, பத்து மணிக்கு ஐந்தருவி, பிறகு சுற்றுச்சூழல் பூங்கா, அதன்பின் படகு, மாலையில் பழைய குற்றாலம் என்று ஓடும்போது, குழந்தை எதைக் காண்கிறது? நம் முதுகை மட்டுமே காண்கிறது. கல்லின்மேல் ஊரும் அட்டையையும், இலையில் உருளும் மழைத்துளியையும், மங்குஸ்தான் பழத்தின் உள்ளே இருக்கும் வெண்சுளைகளையும் எண்ணிப் பார்க்கக் குழந்தைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் தந்தை கைப்பேசியை அணைத்துவிட்டு அருகில் அமர்ந்திருப்பாரானால், எந்த விளையாட்டுக் கூடமும் அதற்கு ஈடாகாது.

இடத்தைத் தேர்வதில் மலையின் உரிமையும் அடங்கியுள்ளது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்திற்குள் செயற்கை அருவிகளை அமைத்துக்கொண்ட தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ‘எங்களுக்கென்று தனி அருவி’ என்னும் விளம்பரம் ஒரு குடும்பத்தலைவரை ஈர்ப்பது இயல்பே. கூட்டம் இல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று அவர் நினைக்கலாம். ஆயினும் எல்லாருக்கும் பொதுவாய் விழ வேண்டிய நீரை ஒருசிலர் வேலிக்குள் திருப்பிக்கொள்வது படைத்தவரின் கொடையைத் திருடுவதாகும். அங்கே அறை எடுப்பவரும் அந்தத் திருட்டுக்கு வாடகை கொடுக்கிறார். ஓய்வு பிறருடைய உரிமைகளைப் பற்றிய உணர்வைக் கூர்மையாக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில் கற்பித்ததன் பொருள் இதுவே. அறை எங்கே என்று கேட்பதோடு, நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்றும் கேட்போம்.

மலைக்கு அடங்கி நடப்பதும் ஓய்வின் ஒரு பகுதி. 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். கோடை விடுமுறை நாள் அது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டக்கூடும். நீர்வரத்து அதிகரித்துக் குளிக்கத் தடை விதிக்கப்படும்போது, ‘இவ்வளவு செலவழித்து வந்தோமே’ என்று காவலரிடம் வாதாடுவது வழக்கமாகிவிட்டது. செலவழித்த பணம் அருவியின்மீது நமக்கு உரிமை தருவதில்லை. ‘இன்று வேண்டாம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லி, தாழ்வாரத்தில் அமர்ந்து கதை பேசத் தெரிந்த தந்தைக்கே அருவியருகே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தகுதி இருக்கிறது.

கதை பேசுவது சிறிய காரியம் அன்று. 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். இராஜாஜியும் கல்கியும் போன்ற நண்பர்கள் அவரைத் தேடிவந்தனர். அவர் அவர்களுக்கு அளித்த விருந்து சோறு மட்டுமன்று. கம்பனின் கவிதையையும் நட்பையும் நேரத்தையும் அளித்தார். குற்றாலத்தில் ஓய்வெடுப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல இலக்கணம் வேண்டியதில்லை.

நம் கத்தோலிக்க மரபில் ஓர் அருமையான சொல் உண்டு: இளைப்பாற்றி. அதைக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோருக்காக வேண்டும்போதுதான் பெரும்பாலும் உச்சரிக்கிறோம். வாழ்நாளெல்லாம் ஓயாமல் உழைத்த தாயின் பெட்டியருகே நின்று, அவளுக்கு நித்திய இளைப்பாற்றி அருளுமாறு கண்ணீரோடு இறைவனை மன்றாடுகிறோம். நித்திய இளைப்பாற்றியை இறைவன் அருள்வார். அது அவருடைய வாக்குறுதி. இம்மையில் மூன்று நாள் இளைப்பாற்றியைத் தர அவர் நம்மிடமே பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். அடுத்த சாரலுக்கு அறை பதிவுசெய்வதற்கு முன்பு, வீட்டில் எல்லாரும் கூடி அமர்ந்து, யாருக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொள்வோம்.